தரைக்கு மேலே ஒரு குளம்

'நீச்சல் தெரியுமா?' என்று வேலை விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'தெரியும்' என்று எழுதினேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குளம் எழும்பியதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியின் கிடங்கில் நான் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவன் என்று என் மாமனார் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. உண்மையில் என் வேலை மூட்டை எண்ணுவது. கிடங்கு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒன்பது வருடம் கோடு போட்டேன். கனவில்கூட யாராவது என்னைத் தாண்டி நடந்தால் கோடு போட்டுவிடுவேன்.

அப்போதுதான் லாஞ்சு கிராணி வேலை காலியானது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு மோட்டார் லாஞ்சில் போய், தொங்கும் கயிற்றேணியில் ஏறி, சரக்குப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வரவேண்டும். அந்த வேலைக்கு வெள்ளை உடுப்பு உண்டு. தொப்பி உண்டு. கடல்காற்றுக்காக ஆசைப்பட்டேன், முன்னேற்றத்துக்காக ஆசைப்பட்டேன் என்றெல்லாம் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் புளுகு. தொப்பிக்காகத்தான் ஆசைப்பட்டேன்.

பாரங்களை வாங்கிப் பார்த்தவர் எங்கள் பெரிய கிராணி. அவரும் தமிழர்தான். சிராங்கூன் ரோட்டுப் பக்கம், எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவது அவர் வழக்கம்.

"நீச்சல் தெரியுமா உனக்கு? எங்க கத்துக்கிட்டே?"

"ஊர்ல சார். ஆத்துல."

நான் பிறந்ததும் வளர்ந்ததும் சிராங்கூன் ரோட்டில். எனக்குத் தெரிந்த ஒரே ஆறு ரோச்சோர் கால்வாய். அதில் விழுந்தவன் நீந்த மாட்டான், மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பெரிய கிராணிக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் தலையாட்டினார்.

"நல்லது. மூணு மாசத்துல தொரை பரீட்சை வைப்பாரு. துறைப்படியிலேருந்து அம்பது கெஜம் நீந்திக் காட்டணும். பாரத்துல பொய் எழுதினவனுக்கு லாஞ்சும் கெடையாது, கெடங்கும் கெடையாது. தெரியும்ல?"

தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு நேரே இன்னும் யோசித்து எழுதியிருப்பேன். இருந்த வேலையும் போய்விடும் என்ற எண்ணத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீச்சல் தெரியாதவருக்கு எதுக்குங்க கடல்ல வேலை?"

"கத்துக்குவேன்."

"சைக்கிள் கத்துக்கறேன்னு கெளம்பினீங்க. இன்னும் நடந்துதான் போறீங்க."

"அது வேற, இது வேற."

"ஏணியிலேருந்து விழுந்துட்டா?"

"விழ மாட்டேன்."

"விழுந்துட்டா?"

இரண்டாம் முறை கேட்டபோது அவள் கீரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். மழை நாளில் சாக்கடை நிரம்பினால் அதன் பக்கமே போகமாட்டாள். நான் அந்தப் பயத்தைக் கேலி செய்து ஆறு வருடம் குடும்பம் நடத்தியிருந்தேன்.

பொதுக் குளம் ஒன்று ஊரில் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதிப்பேர் எங்கள் ஆபீஸ் ஆட்கள். ஆற்றில் கற்றவன் ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தால் திங்கட்கிழமை காலை பெரிய கிராணியின் மேசைக்குச் செய்தி போய்விடும். கடலுக்குப் போகலாம் என்று ஒருநாள் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தேன். நான்கு நாள் யோசித்துவிட்டு, வீட்டிலேயே ஒரு குளம் கட்டுவது என்று முடிவு செய்தேன். இதில் எனக்கு எந்த விபரீதமும் தோன்றவில்லை என்பதுதான் விபரீதம்.

எங்கள் வீடு வாடகை வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் தாராளமான கொல்லை. வீட்டுக்காரர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். கொல்லையில் குழி தோண்டலாமா என்று கேட்டேன். "தீடா போலே" என்றார் மலாயில். கூடாது என்றால் கூடாதுதான். அதற்கு மேல் அவரிடம் எந்த மொழியிலும் பேச முடியாது. தரைக்குக் கீழே கூடாது என்றால் தரைக்கு மேலே கட்டிக்கொள்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மேலே கட்டுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு, பிறகு வேண்டாமென்று தூக்கி எறியும் பலகைகள் கிடங்கில் மலைபோல் கிடக்கும். கேட்டு வாங்கி, லாரிக்காரர்களைத் தாஜா செய்து, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கப்பலின் சரக்கறை வாயை மூடுகிற பழைய தார்ப்பாய் ஒன்றும் கிடைத்தது. கிழிசலுக்கெல்லாம் ஒட்டுப்போட்டுத் தாரைப் பூசினேன். கை, கால், காது எல்லாம் தார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. ஒரு வாரம் என் மனைவி எனக்குத் தட்டை நகர்த்தி வைத்தே சோறு போட்டாள்.

வட்டமாகக் கட்டுவது என்று திட்டம். பதினைந்தடி அகலம், தோளுக்குச் சற்றுக் கீழே உயரம். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, வெளியே இரும்புக்கம்பி வடத்தால் வரிந்து கட்டி, உள்ளே தார்ப்பாயை விரித்தால் தீர்ந்தது. வடம் கொடுத்தவர் அடுத்த வீட்டு பாய். நாகப்பட்டினத்துக்காரர், சிராங்கூன் ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டார். எப்படியும் வேலிக்கு அப்பால் பார்க்கத்தான் போகிறார் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப வடத்தக் கீழ்ப்பக்கம் நெருக்கமாக் கட்டுங்க தம்பி. தண்ணிக்கு அடியிலதான் கோவம் ஜாஸ்தி லா."

"பாய், ஒன்பது வருஷமா நான் பாரம் அடுக்கறதப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அங்கேதான் நான் கவிழ்ந்தேன். எனக்குத் தெரிந்த பாரம் மூட்டை. மூட்டையை எவ்வளவு உயரம் அடுக்கினாலும் அது கீழே அமுக்கும், பக்கவாட்டில் யாரையும் தள்ளாது. ஆகவே தரையை மட்டும் நன்றாகத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தினேன். பலகைகள் விழாமல் நின்றால் போதும் என்று மேலே ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, அழகுக்காகச் சம இடைவெளியில் வடத்தைக் கட்டினேன். குழாயில் ரப்பர் குழலை மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒரு பகல், மறுநாள் பாதிப் பகல். தண்ணீர் இடுப்பளவு வந்தபோது நான் அதன் முன்னால் நின்று, தொப்பி போட்டுக்கொண்டால் எப்படி இருப்பேன் என்று அந்தத் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கீழே ஒரு பலகை 'டொக்' என்றது. பிறகு பக்கத்துப் பலகை. என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள் மொத்தக் குளமும் என்னைத் தூக்கிக்கொண்டு பாய் வீட்டு வேலியில் கொண்டுபோய் வைத்தது. வேலியும் சாய்ந்தது. அந்தப் பக்கம் பாய் முக்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பிக் கோப்பையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முக்காலி போய்விட்டது.

"கீழ்ப்பக்கம் நெருக்கமா" என்றார், தண்ணீரில் உட்கார்ந்தபடியே.

மறுநாள் மனுஷர் அவராகவே இன்னும் இரண்டு சுருள் வடத்தைக் கொண்டுவந்து போட்டார். இந்த முறை கீழே நாலு சுற்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. முறுக்கி முறுக்கிக் கை கொப்பளித்துவிட்டது. தண்ணீர் நிரம்பியபோது இன்னொரு உண்மையும் தெரிந்தது. நான் கண் அளவில் மட்டம் பார்த்த தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு பக்கம் விளிம்பு வரை தண்ணீர், எதிர்ப்பக்கம் ஒரு சாண் பலகை தெரிந்தது. மனிதனிடம் மறைத்துவிடலாம், தண்ணீரிடம் எதையும் மறைக்க முடியாது. ஆனால் நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் கட்டிய ஒன்று நிற்கிறது என்று அன்றைக்குப் பட்ட சந்தோஷம், பிள்ளை பெற்றவனுக்கு இருக்கும் சந்தோஷம்தான்.

அடுத்து டெக். குளத்துக்குள் இறங்க ஒரு மேடை வேண்டும். அதை மேடை என்று சொன்னால் போயிற்று, ஆனால் நான் கப்பல் கம்பெனிக்காரன், டெக் என்றுதான் சொல்வேன். குளத்தின் விளிம்பு உயரத்துக்குக் கால்கள் நட்டு, மேலே பலகை பரப்பி, ஏறப் படியும் உள்ளே இறங்க ஏணியும் வைத்தேன். முடித்த அன்றே என் மனைவி அதன் கீழ்ப்படியில் நின்று கையை நீட்டி, மேலே மிளகாய் காயப்போட்டாள். மேலே ஏறமாட்டாள். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதாம். கைக்கு எட்டியவரை டெக் அவளுடையது.

இரகசியமாகக் கற்கவேண்டும் என்பதற்காக, குளம் நின்றதுமே, டெக் கட்டுவதற்கு முன்னால், கொல்லையைச் சுற்றித் தகரம் அடித்திருந்தேன். என் தலைக்கு மேல் நாலு விரற்கடை உயரம். டெக் அதைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. முதல்நாள் காலை வெறும் மேலோடு டெக்கின்மேல் ஏறி நின்று, சந்துப் பக்கம் திரும்பினேன். தகரத்துக்கு மேலே நான் தொடை வரை தெரிந்தேன். சந்தில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடிச் சன்னலில் ஒரு அம்மாள் சட்டென்று உள்ளே போனார். ஒளிந்துகொள்ள வேலி போட்டவன், அந்த வேலிக்கு மேலே தன்னைத் தூக்கி நிறுத்திக் காட்டவும் ஒரு மேடை கட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று முதல் டெக்கில் தவழ்ந்துதான் போனேன்.

நீச்சலுக்கு வாத்தியார் கிடையாது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான். அதில் ஒரு வெள்ளைக்காரர் தண்ணீரில் படுத்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரும். புத்தகத்தை நம்பாமல், எங்கேயோ கேள்விப்பட்டபடி மட்டை உரிக்காத இரண்டு தேங்காயைக் கயிற்றில் பிணைத்து முதுகில் கட்டிக்கொண்டேன். அரைக்கால் சட்டை தண்ணீரில் உப்பிக்கொண்டு தொல்லை செய்ததால் லங்கோடு கட்டினேன். காலை ஆறரை மணி, லங்கோடு, இரண்டு தேங்காய். என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்ப்பாள். என் தலை தண்ணீருக்குள் போனால் அவள் மூச்சை நிறுத்திவிடுவாள். தலை வெளியே வந்ததும், "ஒழுங்காப் பண்ணுங்க" என்று கத்துவாள்.

இப்படி இருக்கையில் ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றங்கரை ஊர்களில் அன்று பெண்கள் ஆற்றைக் கும்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆறு ஏது? குழாயடியில் ஒரு குடத்தை வைத்துக் கும்பிட்டு முடித்துவிடுவார்கள். அந்த வருடம் தேக்கா மார்க்கெட்டில் யாரோ இதைச் சொல்லி அங்கலாய்க்க, என் மனைவி சும்மா இருக்கமாட்டாமல், "எங்க வீட்டுல கொளமே இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பெருமைக்குத்தான் சொன்னாள். வருவார்கள் என்று அவளே நினைக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் குளத்துக்குள். கொல்லைக் கதவு திறந்தது. முதலில் குங்குமத் தட்டு, பின்னால் பட்டுப்புடவைகள். இருபது பேராவது இருக்கும். மஞ்சள் சரடு, காதோலை கருகமணி, வாழைமட்டையில் விளக்கு, தூக்குவாளியில் புளியோதரை, தயிர்சாதம். வரிசையாக டெக்கின்மேல் ஏறினார்கள். நான் கட்டிய டெக் இருபது பெண்களைத் தாங்கியது என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். வெளியே வரலாம் என்றால் லங்கோடு. கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, எதிர்ப்பக்கப் பலகையோடு ஒட்டிக்கொண்டேன்.

முன்னால் நின்றவர் பெரிய கிராணியின் சம்சாரம். எனக்குக் கழுத்துக்கு மேல் இருந்த கொஞ்ச இரத்தமும் இறங்கிவிட்டது.

"என்ன தம்பி, தண்ணிக்குள்ள நிக்கிறீங்க? முதுகுல என்னா அது, தேங்காயா?"

நீச்சல் பழகுகிறேன் என்று சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது அவர் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். ஆற்றில் கற்றவனுக்கு எதற்குத் தேங்காய்?

"வேண்டுதல்ங்க அக்கா" என்றேன். "அம்மனுக்கு. நாப்பத்தெட்டு நாள் தண்ணியில நின்னு தேங்கா சுமக்கறதா."

எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை. மஞ்சள் நீரைத் தெளித்தார்கள், என் தலையில் விழுந்தது. பூவைப் போட்டார்கள், காதில் தொங்கியது. மிதக்கவிட்ட விளக்கெல்லாம் காற்றுக்கு என் பக்கமே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மூக்கு நுனியில் ஒரு விளக்கு எரிய, நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். ஊதி அணைக்கவும் பயம், சாமிக் குற்றம்.

எல்லாரும் போனபிறகு என் மனைவி வந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மன் பேர்ல பொய் சொல்லலாமாங்க? அதுவும் கடலுக்குப் போற மனுஷன்?"

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

அவள் மறுநாளிலிருந்து ஒருவேளைதான் சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "வேண்டுதல்னு சொல்லிட்டீங்கல்ல. யாராவது செய்யணும்ல" என்றாள். உடம்பைக் குறைக்க நல்ல வழி என்று கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டலை நினைத்தால் இப்போதும் என்னையே ஓங்கி ஒரு அறை அறையத் தோன்றுகிறது.

ஆபீஸில் மறுநாள் பெரிய கிராணி, வாழ்க்கையில் முதல்முறையாக, கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார்.

"வேண்டுதலாமே. எதுக்கு?"

"லாஞ்சு வேலை கெடைக்கணும்னு சார்."

அந்த விவகாரத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். ஒருவகையில் பொய் எனக்கு நல்லதே செய்தது. தினமும் தண்ணீரில் நிற்க இப்போது ஊரறிந்த காரணம் இருந்தது, தவழ வேண்டியதில்லை. சந்துப் பெண்கள் போகிற போக்கில் வாசலில் தேங்காய் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் சட்னிக்குப் பஞ்சமில்லை.

நான்காவது வாரம் ஒரு தேங்காயைக் கழற்றினேன். ஆறாவது வாரம் இன்னொன்றையும் கழற்றினேன். முழுகவில்லை! வெள்ளைக்காரர் எதற்குச் சிரித்தார் என்று அன்றைக்குப் புரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை வீசி, பலகைச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்தேன். இடப்பக்கமாகத்தான் சுற்றுவேன், வலப்பக்கம் ஏணி இடிக்கும். நாலு சுற்று சுற்றினால் ஐம்பது கெஜம் என்று கணக்குப் பார்த்தேன். பரீட்சைக்கு முந்தின வாரம் ஆறு சுற்று சுற்றினேன்.

பரீட்சை நாள் காலை என் மனைவி திருநீறு பூசிவிட்டாள். "தண்ணிய வாயில வாங்கிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். நான் சந்து திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

துறைப்படியில் துரை, அவர் பக்கத்தில் துண்டோடு பெரிய கிராணி. ஐம்பது கெஜத்தில் ஒரு தொங்கான் கட்டியிருந்தது. சரக்கு ஏற்றும் பெரிய படகு, அதைத் தொட்டால் போதும். படியிலிருந்து இறங்கினேன். காலால் துழாவினேன். அடியில்லை. என் வீட்டுக் குளத்தில் எப்போதும் கட்டைவிரலுக்கு எட்டுகிற தூரத்தில் தார்ப்பாய் இருந்தது என்பதும், இத்தனை நாளும் தைரியம் என்று நினைத்ததெல்லாம் அந்தத் தார்ப்பாய்தான் என்பதும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினேன். உப்புத் தண்ணீர், எண்ணெய் வாடை. வீசினேன், வீசினேன். மூச்சு முட்டும்போது கை மரத்தில் தட்டியது. தொட்டே விட்டேன்!

"டன், சார்!" என்று கையைத் தூக்கிக் கத்திவிட்டுக் கண்ணைத் திறந்தேன். முகத்துக்கு நேரே பெரிய கிராணியின் சப்பாத்துக் கால் இருந்தது.

கடலில் ஒரு முழு வட்டம் போட்டு, இறங்கிய படிக்கே திரும்பி வந்திருக்கிறேன். துரை சிரித்த சிரிப்பில் வாயில் புகைந்த சுங்கான் கீழே விழுந்தது. தூரமெல்லாம் தாராளம், திசைதான் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். முடிந்தது, லாஞ்சும் இல்லை, கிடங்கும் இல்லை என்று நான் படியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அப்போது பெரிய கிராணி துரையின் காதருகே போய், இன்னொரு தரம் விடச்சொல்லிக் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார்.

"நாப்பத்தெட்டு நாள் தண்ணியில நின்னவன நீங்க பெயிலாக்கிட்டீங்களான்னு என் வீட்டுல கேப்பா. எனக்குச் சோறு கெடைக்காது. ஒழுங்கா நேராப் போ!"

எனக்கு நேராகப் போகத் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். ஒரு சம்பான் படகை என் வலப்பக்கம் கூடவே வரச்செய்தால் போவேன் என்றும் சொன்னேன். துரைக்கு அது இன்னும் வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும், சரி என்றார். சம்பான்காரர் மெதுவாகத் துடுப்புப் போட்டார். அந்தச் சம்பானை என் வீட்டுப் பலகைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு, இந்த முறை கண்ணைத் திறந்தபடி, அதை ஒட்டியே போய்த் தொங்கானைத் தொட்டேன். கரைக்கு வந்ததும் பெரிய கிராணி துண்டைக் கொடுத்தார்.

"உங்க ஊரு ஆறு ரொம்ப வளைஞ்சு போகுமோ?" என்று கேட்டார். அவர் கண்ணில் எல்லாம் தெரிந்த சிரிப்பு இருந்தது. பாரத்தில் துரை கையெழுத்துப் போட்டார்.

தலை ஈரம் காயாமல் பஸ் பிடித்தேன். எங்கள் சந்துக்குள் திரும்பினால் ஒரே ஈரம். மழை பெய்த மாதிரியும் தெரியவில்லை. பாய் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார்.

"தம்பி, சீக்கிரம் உள்ள போங்க லா. தங்கச்சி கூப்பிட்டா பேசமாட்டேங்குது."

கொல்லைக்கு ஓடினேன். தார்ப்பாய் மேலிருந்து அடிவரை ஒரே கிழியாகக் கிழிந்து தொங்கியது. பலகை இடுக்கெல்லாம் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. டெக்கின்மேல், ஒருநாளும் காலெடுத்து வைக்காத அந்த டெக்கின்மேல், என் மனைவி முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விறகு பிளக்கும் பாராங் கத்தி.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "என்ன காரியம்டி பண்ணினே! மூணு மாச உழைப்பு! உனக்குப் பைத்தியமா?" என்று சந்தே கேட்கும்படி கத்தினேன்.

அவள் நிமிர்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மறுபடி காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். "நீங்க போன பொறவு அடுப்படியிலதான் இருந்தேன். சன்னல் வழியாப் பாத்தா இது அப்பிடியே அசையாம நிக்குது. யாராச்சும் வந்து எதையாச்சும் சொல்லிட்டா, அப்புறம் ஆயுசுக்கும் இந்தத் தண்ணிய நான் எப்பிடிங்க பாத்துக்கிட்டு இருப்பேன்?"

நான் டெக்கில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. பாஸ் என்று சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. பாஸா பெயிலா என்று அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் பெரிய கிராணியின் சம்சாரம் தேங்காய் பழத்தோடு வந்து சொல்லித்தான் அவளுக்கு அது தெரிந்தது.